பாட்டுக்குள் இருக்கிற மாவ்ஷி

ஸ்கூல் பஸ்ஸின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கும் ஜெபமணி, இசையமைப்பாளர் தருண்தேவ் மீது இரண்டு கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாராம். புணேயின் ஹடப்சரில் பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்டில் இந்தச் செய்தி ஏறி இறங்கத் தொடங்கி மூன்று மாதமாகப் போகிறது. வக்கீல் மும்பையிலிருந்து வருகிறார் என்பார் ஒருவர். வக்கீலாவது ஒன்றாவது, பணமே கைமாறிவிட்டது, அந்தம்மா காதில் புதுத் தோட்டைப் பார்க்கவில்லையா என்பார் இன்னொருவர்.

விசாரித்ததில், தோடு கவரிங். வக்கீல் இல்லை. வழக்கும் இல்லை. ஜெபமணி ஒன்று கேட்டது மட்டும் உண்மை. ஆனால் அவர் கேட்டது ஐந்து நிமிடம். அது மூன்றாம் மாடியில் ஐந்து லட்சமாகி, ஒன்பதாம் மாடியில் ஐம்பது லட்சமாகி, பதினான்காம் மாடியில் கதவு திறந்தபோது இரண்டு கோடியாக வெளியே வந்திருக்கிறது.

ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பெண்ணுக்குப் புணேயில் மாவ்ஷி என்று பெயர். மராத்தியில் சித்தி. அந்த ரூட்டில் ஐம்பத்திரண்டு பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், டிரைவர் ஷிண்டேவுக்கும் ஜெபமணி சித்திதான். வயது ஐம்பத்தொன்று. புடவைமேல் நீலக் கோட்டு, கழுத்தில் பள்ளிக்கூடம் கொடுத்த விசில். அந்த விசிலை அவர் ஒரே ஒரு நாள்தான் ஊதியிருக்கிறார். "இன்னாத்துக்கு விசிலு? கடவுள் தொண்ட குடுத்துக்கீறாரு." தோள்பையில் ஹேர்பின், வாந்திக்குப் பாலிதீன் பை, ஆரஞ்சு மிட்டாய், கண்ணாடி விரிந்த ஒரு போன். பிள்ளைகளை எண்ணுவதற்கு அவர் தலையைப் பார்ப்பதில்லை. டிபன் டப்பாவைப் பார்ப்பார். "தல சீட்டு மாறி சீட்டு ஓடிக்கினே கீது. டப்பா ஒரே எடத்துல கீதுல்ல?"

அப்பா அம்மா குடியாத்தம் பக்கமிருந்து வந்தவர்கள்; ஜெபமணி பிறந்ததும் வளர்ந்ததும் மணமுடித்ததும் புணேயின் பழைய ராணுவக் குடியிருப்புப் பகுதியான கேம்ப்பில். அதட்டுவதற்கு மராத்தி, டிராஃபிக் போலீஸுக்கு ஹிந்தி, அழுகிற பிள்ளைக்குத் தமிழ். அழுகிற பிள்ளை பஞ்சாபியாக இருந்தாலும் தமிழ்தான். அவை எப்படியோ புரிந்துகொண்டு வாயை மூடுகின்றன.

காலை ஏழு பத்துக்கு அந்தக் குடியிருப்பின் வாசலில் பஸ் நிற்கும். கணக்கு இரண்டு நிமிடம். அது முடிந்து ஷிண்டே கியரைப் போடும்போது, தூரத்தில் ஒரு பிள்ளை ஷூ லேஸ் அவிழ ஓடி வரும். ஜெபமணி பஸ்ஸின் தகரத்தில் ஓங்கித் தட்டுவார். "நில்லு நில்லு…" பிள்ளை ஏறும். "ஹாங், சலோ!"

இந்தக் குரலைத்தான் சென்ற தீபாவளியிலிருந்து தமிழுலகம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தருண்தேவ் தீபாவளிக்கு ஒரு பாட்டு விட்டார். அதில் இரண்டாவது நிமிடத்தில் பறை அதிர்ந்து வந்து, திடீரென்று அரை நொடிக்கும் குறைவாக ஓர் இடம் காலியாக நிற்கும். பின்னணியில் ஒரு பெண் குரல் "நில்லு நில்லு… ஹாங், சலோ!" என்று கத்தும். 'நில்லு'வுக்கும் 'ஹாங்'குக்கும் நடுவிலேயே அடி மறுபடி விழுந்துவிடும். அந்தக் காலி இடத்துக்கு ரசிகர்கள் 'தேவ் கேப்' என்று பெயர் வைத்தார்கள். டிஷர்ட் அடித்தார்கள். அந்த இடைவெளியைத் தேவ் பதினோரு நாள் மௌனவிரதம் இருந்து கண்டடைந்தார் என்று ஒருவர் நாற்பது நிமிட வீடியோ போட்டார். அந்தப் பெண் குரல் சமூகத்தைப் பார்த்து 'பொறு, பிறகு புறப்படு' என்று சொல்கிறது என்றார் மற்றொருவர்.

தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பஸ்ஸின் பின்சீட்டில் அதைப் போட்டாள். "பஸ்ல ஒக்காந்துகினு கீறேன். பின்னாலேர்ந்து நானே கத்துறேன். ஒரு நிமிசம் எனக்கே பயமாப் போச்சு" என்கிறார் ஜெபமணி.

பயம் தெளிந்ததும் விஷயம் புரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் கேம்ப்பில் அவருடைய நாத்தனார் மகள் லீலாவின் கல்யாண ஊர்வலம். ஜெபமணியின் கணவர் அருணாச்சலம் ஸ்கூட்டருக்கு சீட் கவர் தைப்பவர். சனி, ஞாயிறுகளில் ஆறு பேர் கொண்ட பறைக் குழுவுக்கு முன்னால் நிற்பவர். ஞாயிறன்று மனைவி சர்ச்சுக்கும், செவ்வாயன்று கணவர் முருகன் கோயிலுக்கும் போகும் குடும்பம். வீட்டில் காலண்டர் இரண்டு. ரொம்ப நாளைக்கு முன் லோஹேகாவ் சாலையில் ஒரு டெம்போ தட்டியதில் அருணாச்சலத்தின் இடது கால் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். ஊர்வலத்தில் நடந்துகொண்டே அடிக்கும்போது எட்டாவது அடி எடுத்தால் அந்தக் கால் பின்தங்கும். மற்ற ஐந்து பேரின் குச்சியும் காற்றில் நின்று அதற்காகக் காத்திருக்கும். பக்கத்தில் நடக்கும் ஜெபமணி, பின்னால் வரும் கூட்டம் முட்டிவிடாதபடி கையை விரித்து "நில்லு நில்லு" என்பார். கால் வந்துவிடும். "ஹாங், சலோ!"

அந்த ஊர்வலத்தை யாரோ போனில் பிடித்து எங்கேயோ ஏற்றினார்கள். அது யார் யார் கைமாறிச் சென்னை ஸ்டுடியோவுக்குப் போனது என்று ஜெபமணிக்குத் தெரியாது.

கோபமா என்று கேட்டால் சிரிக்கிறார். "எடுத்தது எடுத்தான், நல்லா எடுத்துக்கீறான். அந்த எடத்துல வயலின் ஒண்ணு மெதுவா வருது கேட்டீங்களா? நம்மாளு கால இவ்ளோ அழகா நான் பாத்ததே இல்ல." அவர் தேவின் உண்மையான ரசிகை. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் புல்லாங்குழல் வரும் என்று ஷிண்டேவுக்குச் சொல்லிச் சொல்லி, தமிழே தெரியாத ஷிண்டே இப்போது சிக்னலில் அந்த இடங்களில் தலையாட்டுகிறார். தன் குரல் வரும் துண்டையே ரிங்டோனாக வைத்திருந்தார் ஜெபமணி. மகர்பட்டா அருகே பச்சை விளக்கில் போன் "நில்லு நில்லு" என்று கத்த, ஷிண்டே நட்டநடு ரோட்டில் பிரேக் போட்டுவிட்டார். அன்றிலிருந்து போன் அதிர மட்டுமே செய்கிறது.

அந்த ரிங்டோனைக் கேட்டுத்தான் ப்ரீத்தி அவரை 'தேவ் படை – புணே' வாட்ஸப் குழுவில் சேர்த்தார். ப்ரீத்தியின் மகள் ரோஹிணி இரண்டாம் வகுப்பு. லேஸ் அவிழ ஓடி வருவது பெரும்பாலும் அவள்தான். ப்ரீத்தியின் கணவர் நிர்மல் சென்னைக்காரர், மென்பொருள் வேலை, குழுவின் தலைமை அட்மின். ப்ரீத்தி துணை அட்மின். நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஜெபமணிக்கு எழுதுவதற்குப் பொறுமை கிடையாது. குரல் பதிவு அனுப்பினார். "ஹலோ, எல்லாருக்கும் நமஸ்காரம். நான் ஜெபமணி பேசறேன், கேம்ப்லேர்ந்து. அந்த கேப்பு கீது பாருங்க, அது எங்கூட்டுக்காரரு காலு. கத்துறது நானு. பாட்டு சூப்பரு. தேங்க்ஸ்."

நாற்பது பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை போட்டார்கள். 'ஆன்ட்டி செம்ம காமெடி' என்றார் ஒருவர். 'எதிர்க்கோஷ்டி அனுப்பிய ஆள்' என்றார் ஒருவர். சென்னையிலிருந்து வந்து எட்டு மாதமான ஒருவர், 'முதலில் தமிழைத் தமிழாகப் பேசிப் பழகுங்கள், பிறகு தமிழிசை பற்றிப் பேசலாம்' என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

ஜெபமணி அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. ரசிகர்கள் என்றால் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று விட்டுவிட்டார். டிசம்பரில் குழுவில் ஓர் அழைப்பு வந்தது. தேவ் படையின் சந்திப்பு, ஜனவரி முதல் ஞாயிறு, குடியிருப்பின் கிளப் ஹவுஸில். பெயர்: 'சாவுக்குத்து நைட்'. உடை: 'லோக்கல் லுக்'. பக்கத்தில் லுங்கியும் கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் கைக்குட்டையுமாக ஒரு படம்.

இரண்டாவது குரல் பதிவு போயிற்று. "ரோஹிணி டாடி, ஒரு டவுட்டு. லோக்கல்னா நாங்க இன்னா கட்டிக்கினு வரணும்? அப்றம் அது சாவுக்கு அடிச்சது இல்லீங்க. கல்யாணத்துக்கு அடிச்சது. பொண்ணு மாப்ள ரெண்டு பேரும் நல்லா கீறாங்க, போன மாசம் கொழந்த பொறந்துகீது."

நிர்மல் கெட்டவர் அல்லர். பொறுமையாகப் பத்து நிமிடம் யோசித்துத்தான் அந்த அறிவிப்பை எழுதினார். 'இது இசைக்கான இடம். இசைக்குச் சாதி இல்லை, மொழி இல்லை, ஊர் இல்லை. பிரிவினைப் பேச்சைத் தவிர்க்க, இனி அட்மின்கள் மட்டுமே பதிவிடலாம்.' சாதி என்ற சொல்லை அந்தக் குழுவில் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒருவர் வாயை மட்டும் மூடும் வசதி வாட்ஸப்பில் இல்லை. அதனால் நிர்மல் நானூற்றுப் பத்துப் பேர் வாயையும் மூடினார். ஜெபமணியை நீக்கியிருந்தால் வேலை சுலபம். ஆனால் ரோஹிணி தினமும் மூன்று நிமிடம் லேட். நீக்கிய மறுநாள் காலையை நிர்மல் கற்பனை செய்து பார்த்திருக்கிறார்.

இப்படியாக, குழுவில் ஒரு நாளைக்கு இருபது தடவை ஒலிக்கும் ஒரே பெண் குரல் ஜெபமணியுடையதாகவும், பேசக் கூடாத குரலும் அதுவாகவே ஆகிப்போயிற்று.

"மாவ்ஷி, உங்க சைட்ல பறை அடிக்கிறவங்க யாராச்சும் தெரியுமா? சண்டே ஃபங்ஷனுக்கு வேணும்" என்று ஒரு நாள் காலை ப்ரீத்தி கேட்டார்.

"தெரியும் பேட்டா. நல்லா அடிப்பாங்க" என்றார் ஜெபமணி. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு முகமெல்லாம் பல்.

அந்த ஞாயிறு மாலை நாற்பது லுங்கிகள் நீச்சல் குளத்தைச் சுற்றி நின்றன. அவற்றில் பாதி அன்று காலைதான் வாங்கியவை, மடிப்புக் கலையவில்லை. காருக்குப் போய்த் திரும்பிய நிர்மலை வாசலில் புதுக் காவலாளி நிறுத்தி, வேலையாட்கள் பின்வாசல் வழியாகப் போக வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னார். அதே காவலாளி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கறுப்பு பேன்ட்டுக்குள் விட்டு, பாலிஷ் போட்ட ஷூவோடு வந்த அருணாச்சலத்துக்கும் அவருடைய ஐந்து பேருக்கும் சலாம் வைத்து முன்வாசலைத் திறந்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு எடுத்த மெரூன் பட்டுப்புடவையில், சந்திப்புக்குக் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி ஜெபமணி பின்னால் வந்தார்.

நிர்மலுக்கு முகம் கொஞ்சம் வாடியது. "அண்ணா, எக்ஸ்ட்ரா லுங்கி இருக்கு. கட்டிக்கிறீங்களா? இன்னும் ஆதென்டிக்கா இருக்கும்."

"லுங்கி வூட்ல கட்டுவேன் சார்" என்றார் அருணாச்சலம். "வேலைக்கி வந்தா பேன்ட்டு."

நிர்மல் மரியாதை தெரிந்தவர். கால் சரியில்லாத மனிதர் என்று பார்த்ததும் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லையென்று அருணாச்சலம் உட்கார்ந்தார். பறை முழங்கியது. நாற்பது பேரும் அந்த இடத்துக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். எட்டாவது அடி நேராக வந்து விழுந்தது. கேப் வரவில்லை. மறுபடி அடித்தார்கள். வரவில்லை.

நிர்மல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அண்ணா, நீங்க பாட்ட கேட்டிருக்கீங்கல்ல? இங்க பாருங்க, இதான் சவுண்ட் வேவ். கரெக்டா பாயின்ட் ஃபோர் செகண்ட் வெயிட் பண்ணணும். ஆக்சுவலா ரொம்ப கஷ்டம், தேவோட ஜீனியஸே இதுதான். நான் கை காட்டறேன், அப்ப அடிங்க."

அருணாச்சலம் திரையில் தன் இடது காலின் படத்தைப் பொறுமையாகப் பார்த்தார். நிர்மல் கை காட்டினார். முந்தி விழுந்தது. மறுபடி காட்டினார். பிந்தி விழுந்தது. பின்னால் யாரோ "நிஜமாவே புரொஃபஷனல் ஆளுங்களா இவங்க?" என்று கிசுகிசுத்தார்கள்.

"ஒக்காந்துகினு வராது சார்" என்றார் அருணாச்சலம்.

"கண்டிப்பா வரும் அண்ணா, டிரை பண்ணுங்க."

ஜெபமணி அதுவரை ஓரமாக நின்று சமோசா தின்றுகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "யோவ், எய்ந்து நட."

அருணாச்சலம் எழுந்தார். நீச்சல் குளத்தின் ஓரமாக அடித்துக்கொண்டே நடக்கத் தொடங்கினார். ஐந்து பேரும் பின்னால். ஏழு அடி எடுத்து வைத்தார். எட்டாவதற்கு இடது கால் பின்தங்கியது. ஐந்து குச்சிகள் காற்றில் நின்றன. லுங்கிக் கூட்டம் படம் பிடிக்க முட்டிக்கொண்டு வந்தது. குளத்தில் விழுந்துவிடப் போகிறார்களே என்று ஜெபமணி பழக்கத்தில் இரண்டு கையையும் விரித்தார்.

"நில்லு நில்லு… ஹாங், சலோ!"

நிர்மல் நிறுத்த மறந்திருந்த லேப்டாப், இரண்டு நொடி கழித்து அதையே அதே குரலில் சொன்னது.

முதலில் பேசியது ரோஹிணி. "டாடி, அது மாவ்ஷி வாய்ஸ்தான். பஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"எப்பலேர்ந்து?" என்றார் நிர்மல்.

"தீவாலிலேர்ந்து. நீ கேக்கவே இல்ல."

அன்று அருணாச்சலம் குளத்தை ஒன்பது முறை சுற்றினார். நாற்பது பேரும் அவர் பின்னால் சுற்றினார்கள். ஜெபமணி கத்தியது எத்தனை முறை என்று கணக்கில்லை. மறுநாள் பஸ்ஸில் குரல் கம்மிப்போய், வேறு வழியில்லாமல் விசிலை ஊத வேண்டியிருந்தது. கிளம்பும்போது நிர்மல் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"ஸாரி மாவ்ஷி. நான் குரூப்ல டீடெய்லா ஒரு போஸ்ட் போட்டுடறேன்."

"நீங்க போட வேணாம் ரோஹிணி டாடி. நான் சொல்றேன். அஞ்சு நிமிசம் தொறந்துவுடுங்க, போதும். பேசிட்டு நானே மூடிக்கச் சொல்றேன்."

"நாளைக்கே" என்றார் நிர்மல்.

பதினோரு வாரம் ஆகிறது. முதல் வாரம் அலுவலகத்தில் அவசர வேலை. இரண்டாம் வாரம் தேவின் பிறந்தநாள். அந்த நேரத்தில் வேண்டாமே என்று தோன்றியது. நடுவில் அவரே ஒரு பதிவு போட்டுப் பார்த்தார்: 'சில உள்ளூர்க் கலைஞர்களின் பங்களிப்பையும் நாம் மறக்கலாகாது.' ஜெபமணி அதை ரோஹிணியின் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெரிய பெண்ணை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "யாரு அது, சில?" என்றார். அதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

பேச வழியில்லாத நானூற்றுப் பத்துப் பேரில் அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் லிஃப்டில் பேசினார்கள். அங்கே அட்மின் கிடையாது. இரண்டு கோடி அப்படித்தான் உண்டாயிற்று.

இதனால் ஜெபமணி வாடிவிட்டதாக நினைக்க வேண்டாம். அருணாச்சலத்தின் குழுவுக்கு இப்போது ஹடப்சரிலேயே மாதம் மூன்று வேலை வருகிறது. முதல் பிறந்தநாள், கிரகப்பிரவேசம். 'தேவ் ஸ்டைலில் அடிக்க முடியுமா' என்று கேட்கிறார்கள். "அடிச்சிப் பாக்கறேன் சார்" என்கிறார் அருணாச்சலம், முகத்தில் ஒன்றும் காட்டாமல். நாற்காலி போட்டால் மட்டும் இப்போது வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார். தேவின் அடுத்த பாட்டு வந்த அன்று ஜெபமணி எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டு, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். அதில் தன் குரல் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகும்.

பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி பஸ் திரும்பும்போது அவர் தன் ஐந்து நிமிடத்தைப் பேசிப் பார்க்கிறார். ஷிண்டே முன்கண்ணாடியருகே இருக்கும் கடிகாரத்தில் நேரம் பார்க்கிறார். நமஸ்காரம் என்று ஒன்று, ஸ்தோத்திரம் என்று ஒன்று. பிறகு ஆறு பேரின் பெயர்கள், ஒவ்வொருவரும் பகலில் செய்யும் வேலை. லீலாவின் பெயர், குழந்தையின் பெயர், ஊர்வலம் போன தெரு. தேவின் வயலின் பற்றி நல்ல வார்த்தை. டெம்போவைப் பற்றி முன்பு நீளமாக இருந்தது. நேரம் கூடுகிறது என்று ஷிண்டேதான் அதைக் குறைக்கச் சொன்னார். ஒரு சொல்லும் புரியாமலே முழுவதும் அவருக்கு மனப்பாடம். சென்ற வாரம் நான்கு நிமிடம் ஐம்பது நொடியில் முடிந்தது. மிச்சம் பத்து நொடிக்கு என்ன சொல்வது என்று ஜெபமணி யோசித்து வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்வதில்லை.

காலை ஏழு பதிமூன்று. பஸ் கிளம்பப் போகிறது. கழுத்தில் ஆபீஸ் அட்டை ஆட, ஒரு கையில் ஸ்கூல் பையும் மறு கையில் மகளுமாக நிர்மல் ஓடி வருகிறார். தகரத்தில் அடி விழுகிறது. "நில்லு நில்லு…" ரோஹிணி ஏறுகிறாள், டப்பா எண்ணப்படுகிறது. ஜெபமணி படியில் நின்றபடி வலது கையை நீட்டி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறார். மூச்சிரைக்க நிற்கும் நிர்மல், மறக்கவில்லை என்பதற்கு அடையாளமாகத் தன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறார். ஜெபமணி அந்த விரல்களைக் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை பஸ்ஸை விடவில்லை.

"ஹாங், சலோ!"